சொல்லும் பொழுதும் எவர் கையில்?

(பொழிவின் எழுத்து வடிவம்)



எழுதி முடித்த ஒன்றை உடனே வெளியிடாமல், இன்ன நாள் இன்ன மணிக்கு வெளிவருக என்று குறித்து வைத்துவிட்டு உறங்கப் போவது, இன்று இணையத்தில் எழுதுவோர் பலர்க்கும் கைவந்த பழக்கம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால், அதனையே தமிழ் எழுத்தில் வரைந்து, 'செட்யூல் போட்டேன்' என்று சொல்லித் திரிவோர் உளர். முன்குறித்தல் என்னும் சொல் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடக்கிறது. முன்குறித்த இடுகை என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். குனிந்து எடுக்க முதுகு வளையாதவர்க்கு என்ன சொல்வது? சொல்லைப் பற்றிய வழக்கு இம்மட்டில் நிற்க. இவ்வுரை செயலைப் பற்றியது.

நேற்று எழுதி நாளை வெளிவர வேண்டிய ஒரு சொல், இன்று எங்கே இருக்கிறது? எழுதியவரிடம் இல்லை, அவர் அதனை அனுப்பிவிட்டார். படிப்போரிடமும் இல்லை, குறித்த பொழுது இன்னும் வரவில்லை. இடையில் யாரோ ஒருவருடைய பொறியில், யாரோ ஒருவருடைய காவலில் அது காத்துக் கிடக்கிறது. அக்காவலர் யார், அவர் அதனைப் படிக்கக் கூடுமா, அவர் கதவடைத்துப் போய்விட்டால் அச்சொல் என்னவாகும் என்னும் வினாக்களை எழுப்பாமலே பல்லாயிரவர் நாள்தோறும் முன்குறித்துக் கொண்டிருக்கின்றனர். தன் கருத்தைப் பரப்புதற்கு இணையத்தை நம்பியிருக்கும் எந்த இயக்கத்திற்கும் இவ்வினாக்கள் புறந்தள்ளத் தக்கவை அல்ல.

ஒரே நிறுவனம் ஆளும் வலையமைப்பில் இவற்றுக்கு விடை எளிது, எளிதாயினும் கசப்பானது. அங்கே சொல் காத்திருக்கும் அறையும் நிறுவனத்தினது; அது வெளிவந்த பின் எவர் கண்ணில் எப்பொழுது படுவது என்னும் முடிவும் நிறுவனத்தினது. துவிட்டர் அதற்குத் தக்க சான்று. 2022 அக்தோபரில் ஈலான் மசுக்கு என்னும் பெருஞ்செல்வர் அதனை விலைக்கு வாங்கினார். 2023 பிப்ரவரியில், வெளியார் எழுதிய நிரல்கள் அவ்வலையமைப்போடு விலையின்றிப் பேசிவந்த வழி அடைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகசுட்டில், செய்தியாளரும் தொண்டரமைப்பினரும் பல ஆண்டுகளாக இடுகைகளை முன்குறிக்கப் பயன்படுத்திவந்த துவீட்டுடெக்கு என்னும் கருவி, பணம் செலுத்துவோர்க்கு மட்டும் என்றாயிற்று. நேற்றுவரை திறந்திருந்த கதவு இன்று பூட்டப்பட்டால், கேட்பதற்கு அங்கே எவர்க்கு என்ன உரிமை இருந்தது? குடியிருந்தவர்கள் வீட்டுக்காரர்கள் அல்லர் என்பது அன்று பலர்க்கு விளங்கியது.

அங்கிருந்து வெளியேறியோரிற் பலர் சென்று சேர்ந்த இடம் மாசுடோடன். செருமனியில் வாழும் ஓய்கன் உரோச்சுக்கோ என்பார் 2016 அக்தோபரில் வெளியிட்ட மென்பொருள் அது. திங்கள்தோறும் ஏறத்தாழ 3 இலக்கம் பேர் புழங்கிய அவ்விடத்தில், 2022-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 25 இலக்கம் பேர் புழங்கினர் என்று அவரே அறிவித்தார். மாசுடோடன் என்பது யானையைப் போன்ற, மண்ணுலகில் அற்றுப்போன ஒரு பேருயிரின் பெயர். அதற்கேற்ப இடுகையைப் பிளிறல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வழங்கினர். 2022 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பில் அச்சொல்லைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டனர். தமிழில் பிளிறல் என்பது எவ்வளவு நிறைவான சொல்! தமிழில் எழுதுவோர் அதனை எடுத்தாளலாம், தடுப்பார் இலர்.

மாசுடோடன் நடுவமற்ற வலையமைப்பு. அஞ்சல் நிலையங்களை எண்ணிப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். ஓரூரின் அஞ்சல் நிலையத்தில் இட்ட மடல் வேற்றூர் நிலையத்தின் வழியாக உரியவரைச் சேர்கிறது. அதுபோல, எவரும் தம் கணினியில் அம்மென்பொருளை நிறுவி ஒரு வழங்கியை நடத்தலாம். ஒரு வழங்கியில் கணக்கு வைத்திருப்பவர் வேறொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்னும் பொதுநெறி இருக்கிறது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரியில் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது. பிரெண்டிகா, பிளெரோமா முதலான பிற மென்பொருள்களும் இந்நெறியால் மாசுடோடனோடு உறவாடுகின்றன. ஆக, அஞ்சல் நிலையங்கள் பல. அனைத்துக்கும் ஒரே முதலாளி இல்லை.

இங்கே முன்குறித்தலுக்குத் தனி மதிப்பு உண்டாவதற்கு ஒரு கரணியம் உண்டு. நிறுவன வலையமைப்புகளில் எது மேலே வர வேண்டும் என்பதை மறைவான கணிப்புமுறை ஒன்று முடிவு செய்கிறது. மாசுடோடனின் முகப்பு ஓடையிலோ இடுகைகள் வெளிவந்த பொழுதின் அடைவிலேயே நிற்கும். அண்மையது மேலே, பழையது கீழே. பின்தொடர்வோர் உறங்கும்போது வெளியான இடுகை, அவர்கள் விழிப்பதற்குள் கீழே அமிழ்ந்துவிடும். எவரேனும் மறுபரப்பல் செய்தாலன்றி மேலே வாராது. நிறுவனம் பறித்துக்கொண்ட பொழுது இங்கே எழுதுவோர் கைக்குத் திரும்பியிருக்கிறது. திரும்பிய பொருளைக் கையாளத் தெரிய வேண்டும்.

2019 சனவரியில் வெளிவந்த 2.7-ஆம் பதிப்பில்தான் முன்குறிக்கும் ஆற்றல் மாசுடோடன் வழங்கிக்குள் வைக்கப்பட்டது. எழுதியவர் இடுகையோடு ஒரு பொழுதையும் சேர்த்து அனுப்பினால், வழங்கி அதனைத் தன் தரவுக் களத்தில் வைத்திருந்து உரிய நேரத்தில் வெளியிடும். குறிக்கும் பொழுது குறைந்தது 5 மணித்துளியேனும் தள்ளி இருத்தல் வேண்டும். ஒருவர்க்கு ஒரு நாளுக்கு 25, காத்திருப்பவை மொத்தம் 300 என்று வரம்பும் இட்டனர். குப்பை கொட்டுவோரைத் தடுக்க இவ்வரம்பு தக்கதே. காத்திருக்கும் இடுகையின் பொழுதை மாற்றலாம். சொற்களை மாற்ற வழியில்லை. சொல் பிழையாயின் அதனை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதியே ஆக வேண்டும்.

வியப்பு என்னவெனின், ஆற்றலை வழங்கிக்குள் வைத்தவர்கள் அதற்குரிய பொத்தானைத் தம் வலைமுகப்பில் வைக்கவில்லை. பல ஆண்டுகள் அந்நிலையே நீடித்தது. தசுக்கி, பெடிலேப் முதலிய வெளியார் செயலிகளைக் கைப்பேசியில் நிறுவியவர்களே அதனைப் பயன்கொண்டனர். உலையிலே சோறு வெந்திருக்க, அகப்பையை மட்டும் அடுத்த வீட்டில் கடன் வாங்கச் சொன்ன கதை இது.

பொழுதைக் குறிப்பதிலும் குழிகள் உண்டு. சென்னையில் இரவு 9 மணி என்பது சிங்கப்பூரில் நள்ளிரவை நெருங்கிய 11.30, இலண்டனில் கோடையாயின் மாலை 4.30, குளிர்காலமாயின் 3.30, கனடாவின் தொராண்டோவில் கோடையில் முற்பகல் 11.30, குளிர்காலத்தில் 10.30. பிரித்தானியாவும் கனடாவும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. அதுவும் ஒரே நாளில் அன்று. கனடா மார்ச்சு இரண்டாம் ஞாயிறன்றும், பிரித்தானியா அத்திங்களின் இறுதி ஞாயிறன்றும் முன்னே நகர்த்தும். இடைப்பட்ட கிழமைகளில் மனக்கணக்குப் போடுவோர் ஒரு மணிநேரம் வழுக்கி விழுவர். உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்க்காக எழுதுவோர் இக்கணக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று.

இதனினும் ஆழமான குழி ஒன்று உண்டு. கடந்துபோன ஒரு பொழுதைத் தவறிக் குறித்துவிட்டால், வழங்கி அதனைக் குறிப்பாகவே கொள்ளாது. இடுகையை அந்நொடியே வெளியிட்டுவிடும். மாலை 6 மணி என்று எண்ணிக்கொண்டு காலை 6 மணி என்று தட்டியவரின் அறிவிப்பு, அவர் திரையிலிருந்து விரலை எடுக்கும் முன்னர் ஊரெங்கும் போயிருக்கும். கூட்டம் முடிந்த பிறகு வெளிவர வேண்டிய தீர்மானம் கூட்டத்துக்கு முன்பே வெளிவந்தால் விளைவது என்ன என்பதை இயக்கப் பணியாற்றியோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இடையே ஒரு நற்செய்தியையும் சொல்லியாக வேண்டும். மாசுடோடன் ஓர் இடுகைக்கு 500 எழுத்து என்று இயல்பான அளவு வைத்திருக்கிறது. அவ்வெழுத்தை எண்ணும் முறைதான் தமிழர்க்கு இனிப்பது. 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து? மூன்று என்பார் எழுத்தறிந்தார். துவிட்டரின் கணக்கிலோ அது ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. உயிர்மெய்யை உடைத்து, கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே வரி வாங்கும் கணக்கு அது. மாசுடோடன் உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே எண்ணுகிறது. தமிழுக்கென்று செய்த சலுகை என்று மயங்க வேண்டா. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றாக எண்ணுக என்னும் பொதுநெறியின் பயன் அது. ஆயினும், நிறையச் சொல்ல இடம் கிடைக்கிறது.

இனி, காவலைப் பற்றிய வினாவுக்கு வருதல் வேண்டும். முன்குறித்த சொல் காத்திருக்க மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, வழங்கி. மேலே சொன்னது அதுவே. மற்றொன்று, வெளி நிறுவனம். பஃபர் என்னும் அமெரிக்க நிறுவனம் 2023-இல் மாசுடோடனுக்கும் முன்குறிக்கும் பணியை விரித்தது. ஐந்தாறு வலையமைப்புகளுக்கு ஒரே மேடையிலிருந்து நேரங்குறிக்கலாம், காலக்கட்டங்களாகப் பார்க்கலாம், கையாள எளிது. ஆனால் அதற்கு எழுதுவோர் தம் கணக்கின் திறவுகோல் ஒன்றை அந்நிறுவனத்திடம் கொடுத்தாக வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை, எனினும் கொடுத்த இசைவு, கணக்கின் பெயரால் எழுதும் இசைவே. ஒரு நிறுவனத்தின் பிடி பொறுக்காமல் வெளியேறி, பல வழங்கிகளாய்ப் பரந்து, மீண்டும் அனைவரும் ஒரே நிறுவனத்தின் அறையில் தம் நாளைய சொற்களை அடுக்கி வைத்தால், நடுவம் அற்றுப்போனது எங்கே? முன்வாயில் வழியே விரட்டிய முதலாளியைப் பின்வாயில் வழியே அழைத்து நாற்காலியிட்டது போலாகும். கொடுத்த இசைவை எப்பொழுது வேண்டுமாயினும் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் திரும்பப் பெறலாம் என்பதையேனும் இதனைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடம், எழுதுவோரின் தம் கணினி. யூனிக்சு வகைக் கணினிகளில் கிரான் என்னும் சிறு நிரல் 1970-களிலிருந்தே இருக்கிறது. குறித்த மணிக்குக் குறித்த வேலையைச் செய்வது ஒன்றே அதன் தொழில். அதனிடம் ஒப்படைத்தால், குறித்த நொடி வரும்வரை சொல் வீட்டைவிட்டு வெளியேறாது. ஆனால் அந்நேரத்தில் கணினி இயங்க வேண்டும், மின்சாரம் இருக்க வேண்டும், இணையம் இருக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களில் இது எளிய வேண்டுகோள் அன்று. ஆயினும் கமுக்கம் காக்க வேண்டிய செய்திக்கு இதனினும் பாங்கான இடம் இல்லை.

கமுக்கம் என்று சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாசுடோடன் வழங்கியில் காத்திருக்கும் இடுகை மறைமொழியாக்கம் செய்யப்படாத வெற்றெழுத்தாகவே தரவுக் களத்தில் கிடக்கிறது. அவ்வழங்கியின் தரவுக் களத்தைத் திறக்க வல்லவர் அதனைப் படிக்க வல்லவரே. தனிமடல்களின் நிலையும் அதுவே. வழங்கியைப் பேணுவோர் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்ட தன்னார்வலர்; தம் ஓய்வு நேரத்தையும் கைப்பணத்தையும் செலவிட்டு ஊர்க்கு உழைப்போர். அவர்கள்பால் ஐயம் கொள்வது இவ்வுரையின் நோக்கம் அன்று. எனினும், அடுத்த திங்கள் நடக்கவிருக்கும் மறியலின் இடத்தையும் பொழுதையும் இன்றே எழுதி முன்குறித்து வைப்பவர், அதனை முன்பின் அறியாத ஒருவரின் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறார் என்பதை உணர வேண்டும். காவலர் நல்லவராயினும், அவர் வீட்டுக் கதவை ஆணையோடு வந்து தட்டுவோர் எல்லாரும் நல்லவராக இருப்பரோ?

வழங்கியே இல்லாமற் போவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்பு மேற்பார்வை அலுவலகம் 2022 ஏப்பிரலில் ஒன்றிய அமைப்புகளுக்கென்று ஒரு மாசுடோடன் வழங்கியை ஆய்வு முயற்சியாகத் தொடங்கியது. ஏற்று நடத்த வேறு அமைப்பு முன்வராமையால் 2024 மே திங்களில் அதனை மூடியது. அரசுகளின் ஒன்றியம் நடத்தியதற்கே ஆயுள் ஈராண்டு. வேறொன்று இன்னும் கூரியது. குவீர்.ஏஎப் என்னும் பெயரில் ஒரு வழங்கி நடந்தது. பெயரின் இறுதியில் நிற்கும் ஏஎப் ஆப்கானித்தான் நாட்டுக்கு உரிய முடிவெழுத்து. 2024 பிப்ரவரியில் தாலிபான் ஆட்சியின் அமைச்சகம் அப்பெயரை முடக்கியது. பொறி வேறு நாட்டில் இருந்து என்ன, உழைத்தவர் வேறு நாட்டில் இருந்து என்ன? பெயர் எவர் மண்ணில் நின்றதோ அவர் கையில் கழுத்து இருந்தது. நடுவமற்றது என்பதனாலேயே ஒன்று எவர்க்கும் கட்டுப்படாதது ஆகிவிடுவதில்லை.

வழங்கி மூடப்படும் என்று முன்னறிவிப்பு வந்தால், பின்தொடர்வோரை வேறு வழங்கிக்கு அழைத்துச் செல்லலாம்; மென்பொருள் அதற்கு வழி செய்திருக்கிறது. வெளியான இடுகைகளின் படியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். காத்திருக்கும் இடுகைகள் அப்படியில் இரா. அவை இன்னும் பிறக்காதவை. பிறக்காதவற்றுக்குப் பதிவேட்டில் பெயர் இல்லை. ஆதலின் முன்குறிப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு படியைத் தம்மிடம் வைத்திருப்பது நன்று. மூன்று திங்களுக்குரிய தொடரை ஒருசேர முன்குறிப்பவர்க்கு அது கட்டாயம்.

இவை யாவும் இடத்தைப் பற்றியவை. எழுதியவர் அருகில் இல்லாதபோது சொல் வெளிவருவதைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022 செப்டம்பர் 8 அன்று இங்கிலாந்தின் அரசி இரண்டாம் எலிசபெத் மறைந்தபோது, பிரித்தானிய வணிக நிறுவனங்கள் பல, வரிசையிலிட்டிருந்த தம் விளம்பர இடுகைகளை விரைந்து நிறுத்தின. அரசிக்காக அழ வேண்டியவர் அழட்டும். இங்கே நோக்கத் தக்கது அந்த விரைவு. ஊர் துயரில் இருக்கும்போது தள்ளுபடி விற்பனை கூவும் சொல், எழுதியவரின் நெஞ்சில் ஈரமில்லை என்றே படிப்போரை எண்ணச் செய்யும். அவர் அதனை ஒரு கிழமைக்கு முன்பே எழுதினார் என்பதை எவர் அறிவார்? வெளியான இடுகையில் வெளிவந்த பொழுது மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். எழுதிய பொழுது இராது. முன்குறித்தது என்னும் அடையாளமும் இராது. புயல் கரைகடந்த இரவில், மறுநாள் விழாவுக்கு வருக என்று ஓர் இயக்கத்தின் கணக்கு அழைத்தால், அவ்வியக்கத்தின் மேல் மக்கள் கொண்ட மதிப்பு அவ்விரவிலேயே குறையும்.

மாசுடோடனில் புழங்குவோர் மறுமொழியை எதிர்பார்க்கும் இயல்பினர். அங்கே இடுகை ஒரு சுவரொட்டி அன்று, திண்ணைப் பேச்சு. வினாக் கேட்டு ஆறு மணிநேரம் விடையில்லை என்றால், பேசுவது ஆளா பொறியா என்று கேட்பர். பொறியே பேசும் கணக்காயின் அதனைப் பொறி என்று அறிவிக்கும் குறி கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. அவ்வாறு அறிவித்துவிட்டு நாளுக்கு ஒரு குறள் என்று அனுப்புபவரை எவரும் குறை சொல்லார். ஆள் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு, முழுவதையும் முன்குறித்துவிட்டு, ஒருநாளும் திண்ணைக்கு வாராதவரையே குறை சொல்வர். அக்குறை முறையானதே. முன்குறித்தல், படிப்போர் விழித்திருக்கும் பொழுதில் சொல் சென்று சேர்வதற்கு உதவும் ஏந்து. சொன்னவர் ஒளிந்துகொள்வதற்கு உரிய திரையாக அதனைப் பயன்படுத்துதல் தகாது.

தனக்கென ஒரு வழங்கியை நிறுவிக்கொள்ளும் இயக்கத்திற்கு மேற்சொன்ன இடர்களிற் பல நீங்கும். செருமனியின் கூட்டரசுத் தரவுக் காப்பு ஆணையர் அலுவலகம் அந்நாட்டு அரசு அமைப்புகளுக்காகத் தனி வழங்கி அமைத்தது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 2023-இல் ஆய்வு முயற்சியாகத் தனக்கென ஒன்றை அமைத்துப் பார்த்தது. சிறிய அமைப்புகளும் மாத வாடகைக்குக் கணினி எடுத்து இதனை நடத்துகின்றன. ஆனால் நிறுவியதோடு வேலை முடியாது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். தரவுக்குப் படி எடுக்க வேண்டும். பெயருக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்த வேண்டும். இவற்றுக்கு ஆள் இல்லாத இயக்கம், நம்பத் தகுந்த பிறர் வழங்கியில் குடியிருப்பதே மேல்.

எங்கே குடியிருந்தாலும், முன்குறித்த நாள்களுக்கு ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். முழுமணிக்குக் குறிப்பதை விடுத்து ஏழெட்டு மணித்துளி தள்ளிக் குறித்தால், பலர் ஒரே நொடியில் குறித்துவைக்கும் நெரிசலிலிருந்து இடுகை தப்பும். வெளியான பின்னும், பின்தொடர்வோரின் வழங்கி அந்நேரத்தில் உறங்கிக் கிடந்தால் இடுகை காலந்தாழ்ந்தே அங்கே சேரும். அனுப்பும் வழங்கி திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். ஆகையால், 'இன்னும் ஒரு மணிநேரத்தில் கூட்டம்' என்னும் வகைச் செய்தியை இவ்வழியில் மட்டும் நம்பி அனுப்புதல் தவறு. பொறுப்பேற்றவர் காலையிலும் மாலையிலும் காத்திருப்போர் வரிசையைத் திறந்து பார்க்க வேண்டும். நாட்டில் நிகழ்ந்ததையும் வரிசையில் இருப்பதையும் ஒப்புநோக்க வேண்டும். ஒவ்வாததை நீக்க வேண்டும். நீக்குவதற்கு அவர் கைப்பேசியில், முன்குறித்த இடுகைகளைக் காட்டும் செயலி ஒன்று முன்கூட்டியே நிறுவப்பட்டு, அதே கணக்கோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையெனின், இன்னும் பத்து மணித்துளியில் எது வெளிவரப் போகிறது என்று அறிந்திருந்தும், வலைமுகப்பில் அதனை நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொண்டே அவர் அமர்ந்திருக்க நேரும்.